"அது என் சீட் இல்லை": ரூல் பேசும் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர் என்ன செய்வது?

கேட்டவர் ஒரு பெண். குரூப் 4 எழுதி, நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. ஊர் கருங்கல் பக்கம். அவர் எழுதியதன் சாரம் இது: "பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குப் போனாலும் வருகைப் பதிவேட்டை சூப்பிரண்டு உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார். பக்கத்து சீட்டில் என்ன கேட்டாலும் 'அது என் சீட் இல்லை' என்ற ஒரே பதில். கடற்கரை ஊரிலிருந்து வரும், கணவரை இழந்த ஓர் அம்மாவின் உதவித்தொகை மனுவை, ஆதாரில் ஒரு பெயர் ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று மூன்று முறை திருப்பிவிட்டார்கள். 'ரூலில் இடமில்லை' என்கிறார்கள். எந்த ரூல் என்று கேட்டால் முறைக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது சார்."

நான் 1987-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2023-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை என்று 36 வருஷமும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றினேன். உங்கள் பக்கத்து சீட்டுக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். 1991-ல் அது நான்தான்.

அப்போது முதியோர் உதவித்தொகை மனுக்கள் வரும் சீட் என்னுடையது. இரணியல் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். கையில் பனையோலைப் பெட்டி, அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள். வயதுக்குச் சான்றாக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான், சபையில் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானப் பதிவின் நகல். பிறந்த நாள் என்ற இடத்தில் "கொ.ஆ. 1099 மகரம் 17" என்று, அதாவது திருவிதாங்கூர் காலத்தில் இங்கே வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருந்தது. நான் 'ஆங்கிலத் தேதியில் சான்று தேவை' என்று எழுதித் திருப்பினேன். அடுத்த வாரம் ஊர் வாத்தியார் ஒருவரிடம் ஆங்கிலத் தேதி எழுதி வாங்கி வந்தார். 'கெஜட்டட் அதிகாரியின் மேலொப்பம் இல்லை' என்றேன். அதையும் எங்கோ அலைந்து வாங்கி வந்தார். 'அசல் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்' என்றேன். சபையின் பதிவேட்டை எந்தப் பாட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார்? அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மேசையிலிருந்து மனு போய்விடுமே, அதற்காக.

பாட்டி சத்தம் போடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மக்ளே, நான் பொறந்தது நெசந்தானே? தொண்ணூத்தொம்பது வெள்ள வருசத்துல பொறந்தவன்னு எங்கம்மை சொல்லும். ஒனக்கு எந்தக் கணக்குல எழுதணுமோ அதச் சொல்லு, அதுல எழுதி வாங்கிட்டு வாறேன்" என்றார்.

பின்வரிசையில் இருந்த தலைமை எழுத்தர் காதில் 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' விழுந்தது. திருவிதாங்கூர் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர், மலையாளமும் தமிழும் ஒரே வேகத்தில் எழுதுவார். எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "கொல்லம் வருசம் கணக்குப் போடத் தெரியாதா லே? ஆவணியில தொடங்கும். டிசம்பர் வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரி பொறந்தா 825. மகரம்னா நம்ம தை. போடு பாப்போம்." 1099-ஓடு 825. 1924. அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் திருவிதாங்கூரையே மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளம் வந்தது. பாட்டிக்கு 67 வயது.

தலைமை எழுத்தர் நின்றபடியே நாலு வரி குறிப்பு எழுதினார். சாயங்காலத்துக்குள் ஃபைல் கையெழுத்தாகி வந்துவிட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு அரசாணையை விரித்துக் காட்டினார். அதில் வயதுக்கு ஏற்கத்தக்க சான்று என்று மட்டும் இருந்தது. ஆங்கிலத் தேதி, மேலொப்பம், அசல் பதிவேடு, ஒன்றுமே இல்லை. இந்த மூன்றையும் எனக்குச் சொல்லித் தந்தவர் எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர். அவருக்கு அவருக்கு முன்னால் இருந்தவர்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசில் 'ரூல்' என்று வாயால் சொல்லப்படுவதை உடனே ரூல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சில் இருக்கும் விதி ஒன்று. எப்போதோ வந்த சுற்றறிக்கை ஒன்று, அது இப்போது நடப்பில் உண்டா என்று யாருக்கும் தெரியாது. மிச்சமெல்லாம் வழக்கம். சீட்டோடு சேர்த்து ஒப்படைக்கப்படும் வாய்மொழி. மூன்றாவதுதான் அதிகம், அதற்குத்தான் குரலும் அதிகம்.

சரி, படித்த மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலும் பயம்தான். நம் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17-ஏ, 17-பி என்று இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவது பெரிய தண்டனைக்கு. மனுவை ஏற்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவருக்கு நாளைக்கு ஆடிட்டில் தடை எழுப்புவார்கள், மெமோ வரும், கடைசியில் 17-பி வரும். ஏற்க இயலாது என்று எழுதியவருக்கு என் சர்வீசில் ஒரு மெமோகூட வந்து நான் பார்த்ததில்லை. பாட்டியை மூன்று தடவை அலையவிட்டதற்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமே இந்த ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, 'ஏன் யாருக்கும் மனசு வரமாட்டேங்குது' என்று ஆச்சரியப்படுகிறோம்.

தக்கலையில் என்னோடு ஒருவர் இருந்தார். மேசை டிராயர் முழுக்க ஃபைல். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்". மேலே அனுப்பமாட்டார், திருப்பியும் தரமாட்டார். அவர்மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல். ஒரு மழை நாளில் பஸ் வராமல் இரண்டு பேரும் சாயாக் கடையில் ஒதுங்கி நின்றோம். பழம்பொரி தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னார்: பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு மனுவில் 'ஏற்கலாம்' என்று எழுதியிருக்கிறார். மனுதாரர் கொடுத்த சான்று போலி என்று பிறகு தெரிந்தது. மேலே கையெழுத்துப் போட்டவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இவருக்கு 17-பி, மூன்று வருஷ ஊதிய உயர்வு வெட்டு, அதுவும் பின்னால் வரும் உயர்வையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிற வகை. "பொண்ணு கல்யாணத்துக்கு பி.எஃப். லோன் போட்டப்பதான் எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சுது" என்றார். அதற்குப் பிறகு அவர் 'ஏற்கலாம்' என்ற சொல்லையே எழுதவில்லை. 'பரிசீலிக்கலாம்', 'ஆணைக்கு விடப்படுகிறது', இல்லாவிட்டால் டிராயர்.

இதைச் சொல்வது நீங்கள் எல்லாரையும் மன்னித்துவிட வேண்டும் என்பதற்காக இல்லை. அவரால் அலைந்த ஜனங்களுக்கு அவருடைய கதை தெரியாது, தெரிந்தும் பிரயோசனமில்லை. எதிரே இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்தால்தான் அந்த ஃபைலை அவரிடமிருந்து எப்படி நகர்த்துவது என்று தெரியும். அதற்காகத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ரூல்படிதான் எல்லாம் நடக்கிறது என்று பேசுகிறவர்களிடம், 'விதிப்படி வேலை' போராட்டம் என்று ஒன்று உண்டே, கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்யாமல், எல்லா விதியையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்போம் என்று அறிவிப்பார்கள். உடனே வேலை தேங்கிவிடும். அது ஒரு போராட்டமாக மிரட்ட முடிகிறது என்றாலே, மற்ற நாட்களில் யாரோ எங்கேயோ கொஞ்சம் வளைந்துகொடுத்துத்தான் ஆபீஸ் ஓடுகிறது என்றுதானே அர்த்தம். எந்த இடத்தில், யாருக்காக வளைகிறார்கள் என்பதில்தான் சங்கதி.

விதியைத் தளர்த்தவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். தளர்த்த அதிகாரம் உள்ளவர் எழுத்தில் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது நினைவிருக்கும். உங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சாட்சியச் சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால்தான் இறந்துவிட்டதாகக் கொள்ள முடியும். அந்த ரூலைக் காட்டி 2024 வரைக்கும் குடும்பங்களை உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு வருஷம் காத்திருக்காமலே காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வந்தது. சும்மா கிடைத்துவிடவில்லை. குழித்துறையில் ரயிலை மறித்துக்கொண்டு ஜனங்கள் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கடைசியில் அது அரசு உத்தரவாகத்தான் வந்தது. எந்த கிளார்க்கும் தன் இஷ்டத்துக்கு ஏழு வருஷத்தை ஒரு வருஷமாக்கவில்லை.

ஆகவே உங்கள் வேலை விதியை மீறுவது இல்லை. அதிகாரம் உள்ள மேசைக்கு விஷயம் முழுதாகப் போய்ச் சேரும்படி எழுதுவது. இதற்குக் குறிப்பு, அதாவது மேலே இருப்பவரின் ஆணைக்காக ஃபைலில் எழுதி வைக்கும் விளக்கம், எழுதத் தெரிய வேண்டும். பவானிசாகர் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். டிபார்ட்மென்ட் தேர்வுக்கு மாவட்ட அலுவலக நடைமுறை நூலும் படித்திருப்பீர்கள். தேர்வு பாஸானதும் அந்தப் புத்தகத்தைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடுவது நம் வழக்கம். கொடுக்காதீர்கள். அது டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மெட்ராஸ் அரசாங்கத்துக்கு வகுத்த முறையின் வழி வந்தது. குறிப்பு தனி, நடப்பு (மனு, சான்று, கடிதங்கள்) தனி, பக்க எண், ஓரத்தில் ஒட்டும் கொடித்தாள், தன் சீட்டுக்கு வரும் தபாலை அவரவர் பதிந்து வைக்கும் தன்பதிவேடு எல்லாம் அந்தப் பரம்பரை. வெள்ளைக்காரன் முறை என்று கேலி பேசுவோம். ஆனால் அதை ஒழுங்காகச் செய்கிற இளநிலை உதவியாளரை எந்த சூப்பிரண்டும் எளிதில் தட்டிவிட முடியாது.

உங்கள் குறிப்பில் 'மனுதாரர் மிகவும் ஏழை, கருணையோடு பரிசீலிக்கலாம்' என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிற எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் மேலே இருப்பவர் பயந்துவிடுவார். கருணை என்று வந்தால், விதியில் இல்லை, பொறுப்பு நம் தலையில் என்றுதான் அவர் படிப்பார். அவர் பயப்படாமல் கையெழுத்துப் போட வேண்டுமானால் தாளில் அவருக்குப் பிடிமானம் இருக்க வேண்டும். இந்த மாதிரி:

"மனுதாரரின் பெயர் ஆதார் அட்டையில் 'புஷ்பம்' எனவும் குடும்ப அட்டையில் 'மரிய புஷ்பம்' எனவும் உள்ளது. கணவர் பெயர், பிறந்த தேதி, கதவு எண் ஆகிய மூன்றும் இரண்டு ஆவணங்களிலும் ஒன்றே (நடப்புக் கோப்பு பக்கம் 7, 11). இருவரும் ஒருவரே எனக் கிராம நிர்வாக அலுவலர் சான்றளித்துள்ளார் (பக்கம் 13). இதன் அடிப்படையில் மனுவை ஏற்கலாமா என்பதற்கும், கூடுதல் ஆவணம் தேவை எனில் எந்த விதியின்கீழ் எந்த ஆவணம் என்பதற்கும் ஆணை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

கடைசி வரியைக் கவனியுங்கள். வாயால் 'எந்த ரூல்?' என்று கேட்டால் அது திமிர். தாளில் பணிந்து கேட்டால் அது நடைமுறை. அதற்குக் கீழே ஒருவர் 'இயலாது' என்று எழுத வேண்டுமென்றால் விதி எண்ணைத் தேடியாக வேண்டும். தேடினால் கிடைக்காது. கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். பாதி நேரம் அந்த இடத்திலேயே பேனா 'ஏற்கலாம்' பக்கம் சாய்ந்துவிடும்.

பெயர் விஷயத்தில் நம் மாவட்டம் தனி ரகம். ஒரே ஆளுக்கு எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. ரேஷன் கார்டில் இனிஷியல், ஆதாரில் அதை விரித்து அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ அடித்திருப்பார்கள். பழைய ஆவணம் என்றால் வீட்டுப் பெயரும் சேரும், அதுவும் மலையாள எழுத்தில். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பத்திரங்களும் பதிவுகளும் மொழி மாறவில்லையே. சென்னையில் உட்கார்ந்து படிவம் தயாரிப்பவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது என்றால் அது வேறு. உங்கள் ஆபீசில் இதே மாதிரி பெயர் வேறுபாட்டோடு முன்பு ஏற்கப்பட்ட கோப்பு கட்டாயம் ஒன்று இருக்கும். பழைய கோப்பு அறையில் தேடி எடுத்து, அதன் எண்ணையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். முன்னுதாரணத்தைப் பார்த்தால் பயந்த சூப்பிரண்டுக்கும் முதுகு நிமிர்ந்துவிடும்.

'அது என் சீட் இல்லை' விஷயம். இதில் பாதி நியாயம் உண்டு என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். இப்போது பல ஆபீசில் காலியிடம் நிரப்பாமல் ஒருவர் இரண்டு மூன்று சீட்டைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறார். நீங்கள் கேட்பது அவருக்கு நாலாவது சீட். மீதிப் பாதிக்குத் தன்பதிவேடு இருக்கிறது. ஒரு தபால் உங்களுடையது இல்லை என்றால் வாய்ப்பேச்சாக அடுத்த மேசைக்குத் தள்ளாமல், 'இந்தப் பொருள் இன்ன பிரிவைச் சேர்ந்தது, மாற்றலாம்' என்று எழுதி சூப்பிரண்டின் சுருக்கொப்பத்தோடு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். தேதி விழுந்துவிட்டால் ஃபைல் அநாதை இல்லை. உங்கள் ஆபீசுக்கு இ-ஆபீஸ் வந்துவிட்டது என்றால் இந்தப் பாடே வேண்டாம். எந்த ஃபைல் யாரிடம் எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று திரையிலேயே தெரியும். நான் ஓய்வு பெறும் காலத்தில் அது வந்ததும் சிலருடைய முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பதிவேட்டை மட்டும் நம்பி மனிதர்களோடு காலம் தள்ள முடியாது. நமக்கு உள்ளூர் விடுமுறை மற்ற மாவட்டங்களைவிடக் கொஞ்சம் தாராளம். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சுசீந்திரம் தேர், வைகுண்டர் அவதார தினம் என்று வரிசையாக வரும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆகும், அந்த உத்தரவிலேயே அவசர வேலைக்கு ஆள் இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும். அந்த ஆள் யார் என்பதில் வருஷா வருஷம் சண்டை. தக்கலையில் அந்த டிராயர்காரரிடம் ஒரு வருஷம் நானாகவே போய், "கொடைக்கு நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றேன். அந்த வருஷம் டிசம்பரில் நான் கேட்காமலே சவேரியார் திருவிழாவுக்கு ஆபீசில் இருக்கும் ஆளாகத் தன் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என் ஃபைல் அவர் டிராயரில் ஒரு நாளுக்கு மேல் தூங்கியதில்லை. மற்றவர்களுடையது தூங்கியது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் மாறிவிட்டார் என்று நான் கதை விடமாட்டேன். கொடைக்கு மறுநாள் அவர் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வந்தது, அவ்வளவுதான்.

வருகைப் பதிவேட்டில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. ஆபீஸ் பத்து மணி. தோட்டியோட்டில் பஸ் நிற்கும், சுங்கான்கடையில் ஊரும், பார்வதிபுரத்தில் மறுபடி நிற்கும், எல்லாம் தெரியும், நானும் வந்த வழிதான். ஒரு வண்டி முந்திப் பிடியுங்கள். தவிர்க்க முடியாத நாளில் முதல் நாளே பெர்மிஷன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்காகத் தினமும் காலையில் தலைகுனிந்து நின்றுவிட்டு, பதினொரு மணிக்கு அதே சூப்பிரண்டிடம் போய் விதியைப் பற்றி வாதாடினால் எடுபடாது. நீங்கள் கேட்கப் போகிறது நியாயம். அதைக் கேட்கிற ஆள்மேல் ஒரு தாமதக் குறிகூட இருக்கக்கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி உங்களுக்கு யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். சொந்த ஆபீஸ்மேலேயே மனுப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அந்த அம்மாவுக்கு அந்த உரிமை இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'என் மனு எந்த விதியின்கீழ் திருப்பப்பட்டது, அந்த விதியின் நகல் தருக' என்று இரண்டு வரி எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. காரணமில்லாமல் இழுத்தடித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். அவருடைய ஊர்ப் பங்கில் படித்த பிள்ளைகள் இருப்பார்கள்.

இவ்வளவுக்கும் மசியாத ஆட்களும் உண்டு. பயமும் இல்லை, வேலைப்பளுவும் இல்லை, அடுத்தவர் திணறுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி. 36 வருஷத்தில் அப்படி இரண்டு பேரைத்தான் பார்த்தேன், ஆனால் பார்த்தேன். அவர்களிடம் உள்ளூர் விடுமுறை, முந்திரிக்கொத்து எதுவும் செல்லாது. பேச்சைக் குறையுங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், ஒப்புதல் வாங்காமல் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை: அந்தத் தொந்தரவு பெண் என்பதால் வருகிற தொந்தரவாக இருந்தால், அதைப் பொறுத்துக்கொண்டு குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பத்துப் பேருக்குக் குறையாத எந்த ஆபீசிலும், பணியிடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொந்தரவு பற்றிய 2013-ம் வருஷச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் உங்கள் ஆபீசில் குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

வேலையை விடலாமா? இரண்டாவது வருஷம் என்றால் தகுதிகாண் பருவம் முடியும் நேரம். முடியட்டும். குரூப் 2 படிப்பதென்றால் இருந்துகொண்டே படியுங்கள், விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம். ஆனால் இதிலிருந்து தப்பிப்பதற்காகப் படிக்கிறீர்கள் என்றால், ஜெயித்துப் போய் உட்காரும் மேசையிலும் பக்கத்தில் ஒரு சீட் இருக்கும். பாங்கிலும் இருக்கும், தனியார் கம்பெனியிலும் இருக்கும். அங்கே ரூலுக்குப் 'பாலிசி' என்று பெயர், என் மருமகன் தினமும் ராத்திரி சாப்பாட்டு வேளையில் புலம்புகிறான்.

இரண்டு வருஷத்தில் உங்களுக்கு இவ்வளவு எரிச்சல் வருவது எனக்கு நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. எனக்கு நாலு வருஷமாகியும் வரவில்லை, ஒரு பாட்டி வந்து கேட்க வேண்டியிருந்தது.

நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முந்தின வண்டியில் போங்கள். அந்த அம்மாவின் ஃபைலை எடுத்து, மூன்று தடவையும் எந்தக் காரணம் எழுதித் திருப்பியிருக்கிறார்கள் என்று வரிசையாக ஒரு தாளில் குறியுங்கள். மூன்றும் ஒரே காரணம்தானா, அல்லது நான் பாட்டிக்குச் செய்த மாதிரி ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றா என்று பாருங்கள். புதிது புதிதாக இருந்தால் அதையே குறிப்பின் முதல் பத்தியில் தேதியோடு எழுதிவிடுங்கள், விமர்சனம் எதுவும் வேண்டாம், தேதி மட்டும் போதும். கிராம நிர்வாக அலுவலரின் சான்று கோப்பில் இல்லையென்றால் அதை வாங்கி வருவதற்காக அம்மாவை மறுபடி பஸ் ஏற்ற வேண்டாம். அந்தக் கிராம அலுவலகத்துக்கு நீங்களே ஒரு கடிதம் வரைவு வைத்து அனுப்பலாம், அதற்கு எந்த ரூலும் தடை இல்லை. கொடித்தாள் ஒட்டி, பதினொரு மணிக்கு முன்னால் சூப்பிரண்டு மேசையில் வையுங்கள். அதற்கு மேல் ஆனால் அவர் சாயாவுக்குப் போய்விடுவார்.